எதில் கலக்க?

“இது என்ன?” என்று கேட்டார் மில்லுக்காரம்மா, சாக்கின் வாயை இரண்டு விரலால் விலக்கிப் பார்த்துவிட்டு.

“கடலைத் தோல்க்கா. நிலக்கடலையை உடைச்சிட்டுத் தூக்கிப் போடுவாங்கல்ல, அந்த மேல் தோல்.”

“அது தெரியுது. கண்ணு நல்லாத்தான் இருக்கு எனக்கு. இதை என்ன பண்ணணும்?”

“நைஸா அரைச்சுக் குடுக்கணும்.”

“எதுல கலக்க?”

“கலக்கறதுக்கு இல்லக்கா. ஆராய்ச்சிக்கு.”

“ஆரம்பத்துல எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்வாங்க. மிளகாய்ப்பொடியிலயா, மல்லிப்பொடியிலயா?”

“எதுலயும் இல்லக்கா. நான் யுனிவர்சிட்டியில படிக்கிறேன். இந்தத் தோலுக்குள்ள கிருமியைக் கொல்ற மாதிரி சத்து ஏதாவது இருக்கான்னு பாக்கறோம்.”

“கடலைக்குள்ள இருக்கிற சத்தை விட்டுட்டுத் தோலுக்குள்ள தேடறீங்க.”

“கடலைதான் விலை போயிடுதே. தோலைச் சும்மா குவிச்சுவச்சுக் கொளுத்தறாங்க. வீணாப் போறதுலேர்ந்து ஏதாவது கிடைச்சா நல்லதுதானே.”

“உங்க யுனிவர்சிட்டியில மிஷின் இல்லையா?”

“இருக்கு. ரிப்பேர்.”

“அவ்வளவு பெரிய இடத்துல ரிப்பேர். இந்தப் பொட்டி மில்லுல மட்டும் ஓடுது. நான் நம்பணும்.”

மாணவி கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி நீட்டினாள். மில்லுக்காரம்மா அதைக் கையில் வாங்காமல், மாவு படிந்த கையைப் பின்னால் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“போட்டோவுல சிரிக்கிறே. நேர்ல மூஞ்சியை உம்முன்னு வச்சிருக்கே. உன் கார்டுதானா?”

“என்னோடதுதான்.”

“ஏங்க, இந்தப் பொண்ணைப் பாத்தா எப்படித் தெரியுது?” என்று உள்ளே பார்த்துக் கேட்டார். மிஷினுக்குப் பின்னால் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்த அவர் கணவர் தலையை ஆட்டினார்.

“அவருக்குக் காது கேக்காது. எல்லாத்துக்கும் ஆட்டுவார்,” என்றார் மில்லுக்காரம்மா. “சரி, வச்சிட்டு வெளிய போய் நில்லு. தூசி பறக்கும்.”

மாணவி வெளியே போய் நின்றாள். யார் எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசாத பெண் அவள். வீட்டில் ஒரு மொழி, பாடத்தில் ஒரு மொழி என்று வளர்ந்ததில் இரண்டிலுமே குறைவாகப் பேசக் கற்றுக்கொண்டிருந்தாள். தன்னைத் தவிர மில்லுக்கு வந்திருந்த அத்தனை பேரும் உள்ளே, மிஷினுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள் என்பதை அன்று அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த மில்லில் ஒரு மர பெஞ்சு உண்டு. அதில் யாரும் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. வாடிக்கையாளர்கள் நகை உருக்கக் கொடுத்தவர்களைப் போல நிற்பார்கள். மேலே தொட்டியில் கொட்டுவதிலிருந்து கீழே துணிப்பை வழியாக டின்னில் விழுகிற வரைக்கும் கண் அங்கே இங்கே போகாது. கோதுமை குறைந்துவிடுமோ, அடுத்தவர் மாவு வந்துவிடுமோ, நல்லதை எடுத்துக்கொண்டு மட்டமானதைத் தள்ளிவிடுவார்களோ என்று ஆளுக்கொரு கணக்கு. மில்லுக்காரம்மாவுக்கு அது பழகிப்போயிருந்தது. “மாமியார் வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து என் கையைத்தான் எல்லாரும் பாக்கறாங்க. மூஞ்சியைப் பாத்தவங்க ரொம்பக் குறைவு,” என்பார்.

அவருடைய அப்பா ஒரு குடோனில் வாட்ச்மேன். சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கின மனுஷன் என்று மகளே கேலி செய்வார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் விடாதாம். பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளுடைய பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வாசலைத் தாண்ட விடுவாராம். அப்படிப்பட்டவர் மாப்பிள்ளை பார்த்தபோது மட்டும் ஏமாந்துவிட்டார். பையன் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டினான், அடக்கமான பிள்ளை என்று முடித்துவிட்டார்கள். மில் சத்தத்தில் அப்போதே காது மந்தம், கேட்ட கேள்வி ஒன்றும் உள்ளே போகவில்லை என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. “எங்கப்பா ஆயுசுல நம்பினது ஒரே ஒரு ஆளை. அது இவரை,” என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்தத் தலையாட்டல் கடைக்கு ஆகவில்லை. “இது என் மாவுதானே?” என்றாலும் ஆட்டுவார், “வேற யாரோடதாவது கலந்திருச்சா?” என்றாலும் ஆட்டுவார். அதனால் வாய் வேலை முழுக்க மனைவி கைக்கு வந்தது. ஒருமுறை டீச்சர் ஒருவர் மாவை மாற்றிவிட்டதாகத் தெருவே கூடும்படி சத்தம் போட்டாராம். மில்லுக்காரம்மா அந்த மாவில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, புரையேறிக் கண்ணில் நீர் வழிய, “உன் கோதுமைதான். வேற யாரும் இவ்வளவு கல்லோட கொண்டுவர மாட்டாங்க,” என்றாராம். கூட்டம் சிரித்துக் கலைந்தது. அன்றிலிருந்து தெருப் பிள்ளைகளுக்கு அவர் ‘மாவு முழுங்கி’.

கட்டடம் அவர்களுடையது இல்லை. பாகம் பிரித்தபோது மிஷின்கள் அண்ணனான அவர் கணவருக்கும் கட்டடம் தம்பிக்கும் போயின. அந்தக் கொழுந்தன் மில்லை ஒட்டியே செல்போன் கடை வைத்திருந்தார். நடுச்சுவரை இடித்தால் கடை விசாலமாகும். காது கேட்காத அண்ணனைக் காலி பண்ணச் சொன்னால் சொந்தபந்தம் காறித் துப்பும் என்பதால் வாயைத் திறந்து கேட்கவில்லை. மில்லுக்கு வருகிற கூட்டம் தானாகக் குறையட்டும் என்று காத்திருந்தார். ரிப்பேருக்குப் போனைக் கொடுத்துவிட்டு நிற்கிறவர்களிடம், “பக்கத்துலயா அரைக்கிறீங்க? பாத்துக்கங்க, அங்க எல்லாம் ஒண்ணா ஓடுது,” என்று சிரித்துக்கொண்டே போட்டுவைப்பார்.

இதெல்லாம் மாணவிக்குப் பிறகு தெரிந்தவை. முதல் நாள் அவள் டின்னை வாங்கிக்கொண்டு துறைக்குத் திரும்பியபோது, வேலை முடிந்தது என்ற நினைப்பு ஒன்றுதான்.

பொடியை ஆல்கஹாலில் ஊறப்போட்டு வடித்தாள். மஞ்சளாக ஒரு சாறு இறங்கியது. கடலைத் தோல் சாறு எப்போதுமே மஞ்சளாகத்தான் இறங்கும், அதனால் அதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. கிருமி வளர்த்த தட்டுகளில் அந்தச் சாற்றை விட்டு வைத்தாள். மறுநாள் பார்த்தபோது சாறு விட்ட குழிகளைச் சுற்றிக் கிருமி வளராத வெற்று வட்டங்கள் பெரிது பெரிதாக விழுந்திருந்தன. பேராசிரியர் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கொளுத்திப் போடும் தோலில் இவ்வளவு இருக்கிறதா என்று அவருக்குச் சந்தோஷம். திட்டத்துக்குப் பணம் தருகிற குழு கூடும்போது இதைத்தான் முதலில் காட்டவேண்டும் என்றார். பிறகு, “இன்னொரு தடவை செய். அதே மாதிரி வரட்டும்,” என்றார்.

அதே மாதிரி வரவில்லை. அதற்குள் துறையின் அரவை மிஷின் பழுது பார்த்து வந்துவிட்டது. அதே சாக்கில் மிச்சமிருந்த தோலை அதில் அரைத்துச் செய்தாள். சாறு மஞ்சளாகவே இறங்கியது. தட்டில் ஒரு வட்டம்கூட விழவில்லை. பேராசிரியர் முதல் பொடியைக் கேட்டு வாங்கினார். என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்க, அதன் சாற்றை மெல்லிய தகட்டில் புள்ளி வைத்து, கரைப்பானை ஏறவிட்டு, புற ஊதா விளக்கின் அடியில் பார்த்தார். மஞ்சள் கிழங்குக்கே உரிய புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒளிர்ந்தன.

“கடலைத் தோல்ல மஞ்சள் எப்படிம்மா வந்துச்சு?”

“மில்லுல அரைச்சேன் சார். அங்க கலந்திருக்கும்.”

“மில்லுல கலந்துச்சுன்னு சொல்றது சுலபம். ரிசல்ட் வேணும்னு அவசரப்படற எத்தனையோ பேரை நான் பாத்துட்டேன். மில்லுலதான்னா, அங்கயே இன்னொரு தடவை அரைச்சுக் கொண்டா. அதுலயும் மஞ்சள் இருந்தா நம்பறேன்.” அவர் குரலை உயர்த்தவில்லை. “இல்லேன்னா, குழு கூடறதுக்கு முன்னாடி நான் ஒரு முடிவு எடுக்கணும். இந்தத் திட்டத்துல உன்னை வச்சுக்க முடியாது.”

அன்று மதியம் சாப்பாட்டு மேஜையில் சீனியர் ஒருவன் யாரையும் பார்க்காமல் சொன்னான்: “மஞ்சளைப் போட்டா கிருமி சாகும்னு எல்.கே.ஜி. புள்ளைக்கும் தெரியும்.” பக்கத்தில் இருந்தவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து அவள் ரசாயன அலமாரிப் பக்கம் போனால் யாராவது ஒருவர் கூடவே எழுந்து வந்தார்.

அவள் மறுபடியும் சாக்கோடு மில்லுக்குப் போனாள்.

“மிஷின் இன்னுமா ரிப்பேரு?” என்றார் மில்லுக்காரம்மா.

“இல்லக்கா. சரியாயிடுச்சு.”

“சரியாயிடுச்சு. இருந்தும் இங்க வர்றே.”

மாணவிக்குப் பொய் வரவில்லை. உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. “சார் இங்கயே அரைக்கச் சொன்னாங்க,” என்றாள்.

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. மில்லுக்காரம்மாவின் முகம் மாறியது. எந்த சார், அவர் எதற்கு இந்த மில்லைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும், இந்தப் பெண் ஏன் இன்று வெளியே போகாமல் உள்ளேயே நிற்கிறாள் என்று மூளை ஓடியது கண்ணில் தெரிந்தது. கணவரைச் சைகை காட்டி மசாலா மிஷினைக் கழற்ற வைத்தார். உள்பக்கத்தைத் துடைத்து, ஒரு படி அரிசியைப் போட்டு ஓட்டிக் கீழே கொட்டினார். மிஷினின் வாயில் கட்ட, மடிப்புக் கலையாத புது வெள்ளைத் துணிப்பை ஒன்றை எடுத்துவந்தார். கடலைத் தோல் அரைக்க இவ்வளவு சடங்கா என்று வரிசையில் நின்ற ஒருத்தி முணுமுணுத்தாள்.

“யுனிவர்சிட்டி தோல்மா அது. நம்ம வீட்டுத் தோல் மாதிரி இல்ல,” என்றார் மில்லுக்காரம்மா.

அந்தப் பொடியில் மஞ்சள் துளியும் இல்லை. பேராசிரியர் தகட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவள் டின்னை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் அவளுக்கு அந்த மடிப்புக் கலையாத பை ஞாபகம் வந்தது. புதுப் பை. முதல் தடவை டின்னை வாங்கியபோது மிஷின் வாயில் தொங்கியது புதுசு இல்லை. அழுக்காக, ஓரத்தில் சட்டைத் துணியில் ஒட்டுப் போட்டதாக இருந்தது. வழியிலேயே இறங்கித் திரும்பினாள்.

“எந்தப் பை?” என்றார் மில்லுக்காரம்மா.

“ஒட்டுப் போட்டது. முன்னாடி எனக்கு அரைச்சப்ப கட்டியிருந்தீங்களே.”

“என் மில்லுல ஒட்டுப் போட்ட பையே கிடையாது.”

“நான் பாத்தேன்க்கா.”

“நீ வெளிய நின்னே. எப்படிப் பாப்பே? ஏம்மா, உன்னை யாரு அனுப்பினா, அதைச் சொல்லு முதல்ல. சும்மா தோல், சத்துன்னு கதை அளக்காதே. என் மில்லுல கலக்குதுன்னு எழுதிக்கிட்டுப் போகத்தானே வந்திருக்கே?”

மாவுக்கு நின்றிருந்தவர்கள் மிஷினை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்தார்கள். மாணவி காது சிவக்கத் தெருவுக்கு இறங்கினாள். செல்போன் கடை வாசலில் நின்ற கொழுந்தன் கூடவே நாலடி நடந்து வந்தார்.

“என்ன தங்கச்சி, மாவு மோசமா? எனக்குத் தெரியும். எல்லாத்தையும் ஒரே மிஷின்ல போடறவங்க. நீங்க யுனிவர்சிட்டி லெட்டர்ல, இந்த மில்லுல கலக்குதுன்னு எழுதிக் குடுங்க. நான் உங்க சார்கிட்ட நேர்ல வந்து சாட்சி சொல்றேன். என் கண்ணால பாத்தேன்னு சொல்றேன்.”

“நீங்க பாத்தீங்களா?”

“பாத்த மாதிரிதான்,” என்றார் அவர், இளித்துக்கொண்டு.

அவளுக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் சாட்சி சொன்னால் தன் பேர் தப்பிக்கும் என்பதும் உறைத்தது. இந்த மனுஷன் சொல்வது பொய். அதே சமயம் நடந்தது அதுவாகவேதான் இருக்க வேண்டும். யோசித்துச் சொல்வதாக வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டு நடந்தாள். திரும்பியபோது மில் வாசலில் மில்லுக்காரம்மா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இருவரையும் பார்த்தபடி நின்றிருந்தார்.

குழு கூடுவதற்கு முந்தின நாள் காலையில் துறையின் வாசல் காவலர் மேலே வந்து, “யாரோ ஒரு அம்மா, தோல் பொண்ணு எங்கேன்னு கேக்கறாங்க. பேர் தெரியாதாம்,” என்றார். மில்லுக்காரம்மா படிக்கட்டின் கீழே நின்றிருந்தார். வெளுத்த புடவை, தலைமுடியோரத்தில் துடைத்தும் போகாத மாவு, அக்குளில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

“என் கொழுந்தன்கிட்ட என்ன பேசினே?”

“அவருதான் பேசினாரு.”

“என்ன கேட்டான்?”

“உங்க மில்லுல கலக்குதுன்னு எழுதிக் குடுக்கச் சொன்னாரு.”

“குடுத்துட்டியா?”

“இல்ல.”

“குடுப்பியா?”

மாணவி மெதுவாக, “எனக்கு வேற வழி இல்லேன்னா…” என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டாள். திட்டத்திலிருந்து தன்னை எடுக்கப் போகிறார்கள், தானே மஞ்சளைச் சேர்த்ததாக நினைக்கிறார்கள் என்பதை அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னாள். மில்லுக்காரம்மா அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டே கேட்டார். இதுவும் நடிப்போ என்று எடைபோடுகிற பார்வை.

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல,” என்றார். “நீ பாட்டுக்கு வாயைத் திறக்காம நின்னா, ஆபீசரு அனுப்பின ஆளுன்னுதானே நினைப்பேன்.” பொட்டலத்தை நீட்டினார், நீட்டியவர் பிடியை விடவில்லை. “இதைத் தந்தா அவன்கிட்டப் போகமாட்டேதானே?”

“மாட்டேன்க்கா.”

“தோலைப் பாத்தா எனக்குப் பயமாயிடுச்சு. கலப்படத்துக்குத்தான்னு நினைச்சேன். மாவு மிஷின்ல போட்டா நாளைக்கு நாலு பேர் மாவுல இந்தக் குப்பை வந்துடும்னு மசாலா மிஷின்ல போட்டேன். நல்ல பையில பட வேண்டாம்னு, மூலையில கிடந்த பழைய பையைக் கட்டினேன். மஞ்சள் அரைக்க மட்டும் வச்சிருந்த பை.” குரல் இறங்கியது. “என் மாவுல எதுவும் கலக்கக் கூடாதுன்னு பாத்தேன். உன் தோல்ல எது கலந்தா என்னன்னு விட்டுட்டேன்.”

பேராசிரியரின் அறையில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை, பையை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கூடவே போனார். பேராசிரியர் பையைக் கவிழ்த்துத் தட்டி, உதிர்ந்த தூசியை ஊறவைத்து, முதல் பொடியின் பக்கத்திலேயே தகட்டில் புள்ளி வைத்தார். விளக்கின் அடியில் இரண்டிலும் ஒரே உயரத்தில் ஒரே புள்ளிகள்.

“இந்த விளக்குல எதை வச்சாலும் மின்னுமோ என்னவோ,” என்று முந்தானை நுனியை அதன் கீழே நீட்டினார் மில்லுக்காரம்மா. அது நீலமாகப் பளிச்சென்று மின்னியது. “பாத்தீங்களா.”

“அது சோப்புத்தூள்மா,” என்றார் பேராசிரியர். அந்த வாரத்தில் முதல்முறையாக அவருக்குச் சிரிப்பு வந்தது. “நிறத்தைப் பாருங்க. அது நீலம், இது மஞ்சள்.”

மில்லுக்காரம்மா மாறி மாறிப் பார்த்தார். ஒத்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. ஆனால் முந்தானையை எடுத்துக்கொண்டார்.

கடலைத் தோலில் கிருமியைக் கொல்வது எதுவும் இல்லை என்று அந்தக் குழுவில் காட்டுவதென்று முடிவாயிற்று. வெளி மில் ஒன்றில் அரைத்தபோது மஞ்சள் சேர்ந்துவிட்டது என்றும் அதில் ஒரு வரி வரும், மில் எது என்று வராது. “நீ வேலையைப் பாரும்மா. அடுத்த சாக்கு எதுவானாலும் இங்கயே அரை,” என்று பேராசிரியர் மாணவியிடம் சொன்னார். தன்னைத் திட்டத்திலிருந்து எடுக்கவில்லை என்பதை அவள் இரண்டு தரம் யோசித்துத்தான் நம்பினாள்.

வாசல் வரைக்கும் கூட வந்தாள். மில்லுக்காரம்மா பொட்டலத்தை மறுபடி செய்தித்தாளில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“நான் இதைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பறதை என் கொழுந்தன் பாத்துட்டான்,” என்றார். “நான் திரும்பிப் போறதுக்குள்ள, யுனிவர்சிட்டிக்காரங்களே மில்லைப் பிடிச்சிட்டாங்கன்னு தெருவுக்கே சொல்லியிருப்பான். உங்க சார் நல்லவரா இருக்கலாம். அவரு வந்து எனக்காக யார்கிட்டயும் பேசப்போறதில்ல.”

“நான் வேணா வந்து சொல்லட்டுமாக்கா?”

“நீயா? உனக்கு உன் பேச்சையே பேச வரலை.” கொஞ்சம் யோசித்தார். தெருவில் போகிற பஸ்ஸைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்காமலே கேட்டார்:

“உங்க வீட்டுல கோதுமை வாங்குவீங்கல்ல? ஒருநாள் சாயங்காலம், மில்லுல கூட்டமா இருக்கறப்ப எடுத்துக்கிட்டு வா. அந்தக் கார்டைக் கழுத்துல போட்டுக்கிட்டே வா. டின்னை என் கையில குடு. எல்லாரையும் மாதிரி மிஷின் பக்கத்துல நிக்காதே. அரைச்சு வைங்கக்கா, காலைல வந்து வாங்கிக்கறேன்னு நாலு பேர் காதுல விழற மாதிரி சொல்லிட்டு, திரும்பிப் பாக்காமப் போ.”